செருப்போடு அளந்தால் அது உயரமா?

வேளிமலை:
நேற்று இந்தக் குழுவில் மணக்குடிக்காயல் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "நம்ம குமரி மாவட்டத்தில் தண்ணீர் பார்க்குக்குப் போனால் சின்னப் பிள்ளைக்கு அஞ்சு பைசா செலவில்லை, தைரியமாகப் போங்க" என்கிறார். போனேன் ஓய். போன ஞாயிற்றுக்கிழமை, அம்மா, வீட்டுக்காரி, இரண்டரை வயது மகளோடு. எந்தப் பார்க் என்று சொல்லப்போவதில்லை. டிக்கெட் கவுண்டர் பக்கத்துச் சுவரில் பெயின்ட் உரிந்த ஒரு கரடிப் படம். அதன் காதுக்கு நேராகச் சிவப்புக் கோடு, 90 செண்டிமீட்டர். கோட்டுக்குக் கீழே என்றால் இலவசம். மகள் போட்டிருந்தது கீச்சுச் செருப்பு. மிதித்தால் சத்தம் வருமே, அதுதான். அடிப்பாகம் இரண்டு விரல் தடிமன். செருப்போடே நிறுத்தி அளந்துவிட்டு, கோட்டைத் தாண்டிவிட்டாள், டிக்கெட் எடுங்க என்றார்கள். வீட்டில் வெறுங்காலோடு அளந்தால் 89.

மணக்குடிக்காயல்:
நான் சொன்னது கைப்பிள்ளையை. அது போகட்டும், செருப்பைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? அங்கேயே கழற்றியிருக்கலாமே.

வேளிமலை:
"சின்னப் பிள்ளை" இப்போ கைப்பிள்ளை ஆகிவிட்டதா? கழற்றுகிறேன் என்றுதான் குனிந்தேன். பின்னால் கூட்டம் நிற்கிறது என்றார்கள். கேள்வி ஒன்றே ஒன்று. செருப்பு உயரத்தில் சேருமா, சேராதா?

தக்கலை மருமகள்:
தம்பி, உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பாருங்க. இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்கு நடு அளவே 91 செண்டிமீட்டரை ஒட்டித்தான். அப்படியென்றால் அந்தக் கோடு பாதிப் பிள்ளைகளுக்குக் காசு வாங்கவே போட்ட கோடு. அரசுப் பஸ்ஸில் அஞ்சு வயசு வரை டிக்கெட் கிடையாது. இவர்கள் மட்டும் ஏன் வயசைக் கேட்பதில்லை? சண்டை போடுவதாக இருந்தால் அதற்குப் போடுங்க.

வேளிமலை:
அட்டவணை கிடக்கட்டும் அக்கா. செருப்போடா, செருப்பில்லாமலா?

கோட்டாறு பழசு:
இவருக்கு உயரம் என்றாலே கண்டம்தான். மாத்தூர் தொட்டிப்பாலம் 150 அடி என்று இங்கேயே சாதித்தவர். 115 அடி என்று திருத்தியதற்கு என்னை என்னவெல்லாம் பேசினார்! அதையும் செருப்போடுதான் அளந்தீரா?

வேளிமலை:
பழைய கணக்கைத் தீர்க்க வேறு இடம் பாரும் ஓய்.

மணக்குடிக்காயல்:
வள்ளுவர் சிலை 133 அடி என்று ஊருக்கெல்லாம் சொல்கிறோம். சிலை மட்டும் 95, பீடம் 38. பீடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், செருப்பைச் சேர்க்கக் கூடாதா?

வேளிமலை:
அந்த 38 அறத்துப்பாலின் 38 அதிகாரம். 95 என்பது பொருளும் இன்பமும். அதைக் கொண்டுபோய்ச் செருப்போடு வைக்கிறீரே, உமக்கே கூச்சமாக இல்லையா? கடலோரத்தில் பிறந்து என்ன பிரயோஜனம்!

மணக்குடிக்காயல்:
கடலோரத்தை ஏன் இழுக்கிறீர்? மலைப்பக்கத்து ஆட்கள் தினமும் குறள் படித்துவிட்டுத்தான் ரப்பர் வெட்டப் போகிறீர்களோ?

தக்கலை மருமகள்:
இரண்டு பேரும் இருங்க. ஏத்தம்பழ அப்பம் ஒரு டப்பா கொண்டுபோனேன், வெளிச் சாப்பாடு கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அப்புறம் நைலான் உடுப்புக்குத் தனி வாடகை. அதை யாரும் பேசுவதில்லை, செருப்பைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

குளச்சல் காற்று:
திற்பரப்பு அருவிக்குப் போயிருந்தால் இந்தக் கரடியும் கிடையாது, கோடும் கிடையாது. பிள்ளை அங்கே என்ன செய்தாள் என்று ஒருத்தர் கேட்டீர்களா?

வேளிமலை:
என்ன செய்வாள்? அலைக் குளத்தில் சைரன் அடித்ததும் பாட்டி இடுப்பில் ஏறிவிட்டாள். பிறகு முழங்கால் ஆழத் தொட்டியில் உட்கார்ந்து, அதே செருப்பில் தண்ணீர் மொண்டு பாட்டி காலில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கீச்சுச் சத்தம் அன்றோடு போச்சு. காசு கொடுத்துச் சவாரி என்று ஒன்றில்கூட ஏறவில்லை. அதனால்தான் கேட்கிறேன், செருப்போடு அளந்தது சரியா?

கோட்டாறு பழசு:
வீட்டில் எப்போது அளந்தீர்? காலையில் எழுந்ததும் யாருக்குமே உயரம் கொஞ்சம் கூடுதல். பகலெல்லாம் நின்று நடந்தால் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கிக் குறையும்.

வேளிமலை:
ராத்திரி. தூங்கிக்கொண்டிருந்தாள்.

கோட்டாறு பழசு:
படுக்க வைத்தா! படுக்க வைத்து அளந்தால் நின்று அளப்பதைவிட முக்கால் செண்டிமீட்டர் வரை கூடும் ஓய். இந்த அளவை வைத்துக்கொண்டா இத்தனை பேச்சு?

வேளிமலை:
அப்படியானால் நிஜத்தில் 89-கூட இல்லை! எனக்குத்தானே சாட்சி சொல்கிறீர். மணக்குடிக்காயல், பார்த்தீரா?

மணக்குடிக்காயல்:
பார்த்தேன். அடுத்த தடவை கட்டிலோடு தூக்கிக்கொண்டு போங்க.

வேளிமலை:
கட்டிலுக்கும் செருப்பைப் போட்டுத்தான் அளப்பார்கள். இன்னும் பதில் வரவில்லை.