ஜாக்கி சானின் ‘தி மித்’ படம் பார்த்தவர்களில் சீனாவின் சியான் நகரப் பக்கம் போனவர்கள் உண்டா?

நான் போயிருக்கிறேன். வேலை விஷயமாகச் சீனா போனபோது ஒரு விடுமுறை நாள் கிடைத்தது. 2005இல் வந்த இந்த ஜாக்கி சான் படம் மனதில் இருந்ததால் நேரே சியானுக்கு ரயில் ஏறிவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காக: ஜாக்கிக்கு இரண்டு வேடம். இன்றைய தொல்லியல் ஆய்வாளர் ஒன்று, அவர் கனவில் வரும் சின் பேரரசின் தளபதி மெங் யீ இன்னொன்று. கடைசியில் அருவிக்குப் பின்னால் புகுந்தால் சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறை, அந்தரத்தில் மிதக்கிறது! சாகா மருந்து உண்ட கொரிய இளவரசி இரண்டாயிரம் ஆண்டுகளாக அங்கே தளபதிக்காகக் காத்திருக்கிறாள். விண்கல்லின் சக்தி என்று ஒரு காரணமும் சொல்வார்கள், அதை விடுங்கள்.

சியான் அருகே அந்தக் கல்லறையை நேரில் பார்த்தால் மரம் மூடிய ஒரு மண்மேடு, அவ்வளவுதான். கூட்டமெல்லாம் அங்கிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்த சுடுமண் வீரர் சிலைகளிடம்தான். முதல் குழியின் முன்பக்கம் அணிவகுப்பு கம்பீரமாக நிற்கிறது. பின்பக்கம் போனால் தலை வேறு, கால் வேறாக ஓட்டுக் குவியல். பல வீரர்களின் கைவிரல்கள் எதையோ பிடித்தபடி மடங்கியிருக்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை. ஈட்டியின் மரக்காம்பு மக்கிப் போயிருக்கிறது. உடம்பில் இருந்த வண்ணப்பூச்சு, தோண்டி எடுத்ததும் காற்றுப் பட்டு உரிந்துவிட்டதாம். மேட்டை இன்னும் திறக்காமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊர் திரும்பியதும் பண்டைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிய வரலாற்றில் இந்தக் கல்லறை பற்றிய பகுதியைத் தேடிப் படித்தேன். பாதரசத்தில் ஓடும் ஆறுகள், நெருங்குபவர்மேல் தானாக அம்பு எய்யும் பொறிகள் எல்லாம் வருகின்றன. பாதரசத்தை வெறும் கதை என்று தள்ளவும் முடியாது, அந்த மேட்டு மண்ணைச் சோதித்தபோது அதன் அளவு அதிகமாகவே இருந்திருக்கிறது. அடுத்து வருவதுதான் என்னை உலுக்கியது. பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்களையும் பேரரசரோடு சாகச் சொன்னார்களாம். வேலை செய்த கைவினைஞர்களை உள்ளே வைத்துக் கதவை அடைத்தார்களாம். இதைப் படித்தபின் இளவரசி காத்திருக்கும் காட்சி எனக்குக் காதல் காட்சியாகத் தெரியவில்லை.

— — —

மேலே எழுதியவரைப் போல நான் சியான் போனதில்லை, ஹம்பி போயிருக்கிறேன். படத்தில் மல்லிகா ஷெராவத் வரும் இந்தியப் பகுதியில் கொஞ்சம் அங்கே எடுத்ததுதான். எங்கள் ஆட்டோக்காரர் கிருஷ்ணதேவராயருக்கு முன்னால் ஜாக்கி சானைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார்! ஆனால் அந்தப் பகுதியில் எனக்குப் பிடித்தது பசைத் தொழிற்சாலைச் சண்டைதான். செருப்பு ஒட்டிக்கொள்ளும், சட்டை ஒட்டிக்கொள்ளும், ஆள் மட்டும் எப்படியோ கழன்று ஓடுவார். கல்லறைக் காட்சிகளின் கிராஃபிக்ஸை இன்று பார்த்தால் சிரிப்பு வருகிறது, இந்தச் சண்டை அப்படியே நிற்கிறது.

— — —

மேலே எழுதிய இருவருக்கும் என் பங்காக ஒரு சின்னச் சேர்க்கை. மெங் யீ நிஜமாகவே வாழ்ந்தவர், ஆனால் தளபதி இல்லை, அரசவை அதிகாரி. தளபதி அவருடைய அண்ணன் மெங் தியென். வடக்கே நெடுஞ்சுவர் எழுப்பியவர். பேரரசர் இறந்ததும் அரண்மனை அதிகாரி சாவ் காவின் சூழ்ச்சியில் இருவர் கதையும் முடிந்தது. தம்பிக்கு மரண தண்டனை, அண்ணன் நஞ்சு குடித்துச் செத்தார். படத்தில் பிணக்குவியல் மேல் ஒற்றை ஆளாக நின்று வாள் வீசுகிறாரே ஜாக்கி, அந்தச் சாவு எவ்வளவோ மேல்.