எல்பிஜி பங்க்கில் நாசிலைக் கழற்றும் நேரம்

பங்க் ஷிஃப்ட் பொறுப்பாளர்:
புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் வண்டிக்கு கேஸ் நிரப்பும் நாசிலை மாட்டும்போது பயப்படுகிறார்கள், கழற்றும்போது அசட்டையாக இருக்கிறார்கள். காயம் படுவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். நாசிலுக்கும் வண்டியில் கேஸ் ஏறும் வாயான ஃபில்லர் வால்வுக்கும் நடுவே கொஞ்சம் திரவம் சிக்கியிருக்கும். லீவரை விட்டதும் 'புஸ்'ஸென்று வெளியே வரும். உடனே அடங்கினால் கவலையில்லை. ஆனால் எல்பிஜியில் இருக்கும் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும் சரக்கு, பட்ட இடம் உறைந்து புண்ணாகிவிடும். நூல் கையுறை போடவே போடாதீர்கள், ஊறித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தோல் கையுறை போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு கழற்றுங்கள். கையில் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

சீறல் நிற்கவில்லையா? கேஸ் திரும்பி வராமல் தடுக்கும் ஃபில்லரின் செக் வால்வில் மண் சிக்கி மூடாமல் இருக்கும். முதலில் எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனை அழுத்துங்கள். பக்கத்தில் போக முடிந்தால் நாசிலைத் திரும்பப் பூட்டுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். எஞ்சினை மட்டும் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ஃபில்லர் வாயைத் துடைத்துவிட்டு மாட்டு, நாசில் ரப்பர் சீல் வெடித்திருக்கிறதா பார் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கேஸ் கிட் மெக்கானிக்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. 'இன்னும் கொஞ்சம் போடுண்ணே' என்று ஆட்டோவை ஆட்டி நிரப்பச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டாங்க்கில் உள்ள மிதவை 80 சதவீதத்தில் வால்வை மூடிவிடும். 20 லிட்டர் டாங்க் என்றால் 16 லிட்டர்தான். மிச்ச இடம் வெயிலில் திரவம் விரிவதற்கு. அந்த இடமும் நிறைந்துவிட்டால் மே மாத வெயிலில் பிரஷர் கண்டபடி ஏறி, ரிலீஃப் வால்வு திறந்து, நிறுத்திய இடத்திலேயே கேஸைக் கக்கும்.

டிஸ்பென்சர் மீட்டரில் கண் வையுங்கள். அதே டாங்க்கில் கால்வாசி மிச்சமிருக்கும்போது 11 லிட்டர் வாக்கில் நின்றாக வேண்டும். தாண்டி ஓடினால் மிதவை கெட்டுவிட்டது என்று அர்த்தம், பட்டனிலிருந்து கையை எடுங்கள். வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டும் வண்டிக்கு இந்த மிதவையே கிடையாது. அது சட்டப்படியும் குற்றம்.

பங்க் பாதுகாப்பு மேற்பார்வை:
கசிவு வந்தால் வெள்ளைப் புகையை மட்டும் பார்த்து விலகாதீர்கள். அது குளிரில் உறைந்த காற்றின் ஈரம்; கேஸ் அதைத் தாண்டியும் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து சாக்கடை மூடிக்கும் கேபிள் பள்ளத்துக்கும் இறங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். நின்ற உயரத்தில் வாசனை இல்லை என்று நம்பிவிடக் கூடாது. ஆட்களைக் காற்று வரும் பக்கமாக வெளியேற்றுங்கள், லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

தீப்பிடித்தால் தீயணைக்கும் பவுடர் சிலிண்டரைத் தூக்கும் முன் சப்ளையை மூடுங்கள். கசிவு ஓடிக்கொண்டிருக்கும்போது தீயை மட்டும் அணைத்தால், சேர்ந்த கேஸ் அடுத்த பொறியில் மொத்தமாகப் பற்றும்.