ஹார்லெம் காலத்துக் கறுப்பினக் கவிஞர்கள்: வாசிக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூடுகையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினக் கலை இலக்கியம் செழித்த இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். கவிதைகளைத் தேர்ந்தெடுக்க உங்கள் உதவி வேண்டும்.

தொடக்கம் கிளாட் மெக்கேதான், அதில் சந்தேகமே இல்லை. 1919 கோடையில் அமெரிக்காவில் ஊர் ஊராகக் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள். சிகாகோ கலவரத்தில் மாண்ட 38 பேரில் 23 பேர் கறுப்பினத்தவர். ரயிலில் உணவு பரிமாறும் வேலையில் இருந்த மெக்கே, அந்தக் கோடையில் எழுதியதுதான் ‘சாகத்தான் வேண்டுமென்றால்’. முதலில் உடன் வேலை பார்த்தவர்களுக்குத்தான் வாசித்துக் காட்டினார். செத்தாலும் திருப்பி அடித்துச் சாவோம் என்று சொல்கிற அந்த 14 வரிகளில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆங்கிலேயர் கொண்டாடும் சானெட் என்ற அந்தப் பதினான்கு வரி வடிவத்திலேயே இவ்வளவு கோபத்தை அடக்கியிருப்பது ஒவ்வொரு முறையும் என்னை உலுக்குகிறது.

கௌன்டி கல்லனின் ‘சம்பவம்’ (1925) கண்டிப்பாக உண்டு. பால்டிமோரில் எட்டு வயதுச் சிறுவன்மீது வீசப்படும் ஒரு வசைச்சொல். அங்கே மே முதல் டிசம்பர் வரை இருந்தும் அவன் நினைவில் தங்கியது அது மட்டுமே. லாங்ஸ்டன் ஹியூஸும் பட்டியலில் இருக்கிறார்.

பெண் கவிஞர்களில்தான் திணறுகிறேன். ஆன் ஸ்பென்சர், ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சன், ஏஞ்சலினா வெல்ட் கிரிம்கே மூவரிலும் சத்தமாக வாசிக்க ஏற்ற கவிதைகள் எவை? சிற்றிதழ்களில் இவர்களுடைய தமிழாக்கம் ஏதாவது வந்திருக்கிறதா? ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்க முடியாதவர்களும் வருகிறார்கள், அவர்கள் கையிலும் பிரதி இருக்க வேண்டும். இதழின் பெயரும் ஆண்டும் தெரிந்தால் போதும், நூலகத்தில் தேடிக்கொள்கிறேன்.