பிரேக் பேட்: கம்பெனியதா, வெளிக்கடையதா?

கேள்வி:
2018 ஸ்விஃப்ட், 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன்பக்க பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் தகடு) 3 மி.மீ. தான் மிச்சம், மாற்றியே ஆகவேண்டும் என்கிறார் மெக்கானிக். வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, போடலாமா? மாதம் ஒரு தடவை கொல்லிமலை போவேன்.

பதில்:
70 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற ஆள் விலையைப் பார்க்காதீர்கள். மட்டமான பேட் சூடேறினால் பிடிப்பு போய்விடும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி உடனே நிற்காது. கம்பெனியதே போடுங்கள்.

பதில்:
வெளியில் விற்பது எல்லாமே மட்டம் இல்லை சார். ரானே, பிரேக்ஸ் இந்தியா எல்லாம் கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்கிறவர்கள். போலிதான் பயம், பில் தருகிற கடையில் வாங்குங்கள்.

கேட்டவர்:
செராமிக் பேட் போடலாமா?

பதில்:
தூசியும் சத்தமும் குறையும், விலை கூடும், உங்களுக்கு அவசியமில்லை. பெயர் தெரியாத பேட் மட்டும் வேண்டாம், நான் போட்டு டிஸ்க்கில் கோடு விழுந்து, மிச்சம் பிடித்த காசு அதற்கே போனது. அப்புறம் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) நகர்கிற பின்களுக்கு கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் வைப்பதில்லை. புது பேட் போட்டதும் காலி ரோட்டில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை எட்டுப் பத்து தடவை சீராகக் குறைத்துப் பழக்கிவிட்டு மலைக்குப் போங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.