மேலத்தெரு வீடு (குடும்பக் குழு): செப்டம்பர் பயணம்

டாலஸ் அக்கா: அண்ணா, அப்பாவும் அம்மாவும் செப்டம்பரில் இங்கே இருக்கும்போது கிராண்ட் கேன்யன், யூட்டாவிலுள்ள மோவாப், எல்லோஸ்டோன் மூன்றையும் காரிலேயே சுற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் கூடாரம் போட்டுத் தங்கும் மேதர் கேம்ப்கிரவுண்டுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடுவதால், நாளைக் காலையில் இடம் பிடித்தாக வேண்டும். போன கோடையில் நீங்கள் 23 நாள் சுற்றி வந்தீர்களே, என்னென்ன வாங்க வேண்டும் என்று இன்றிரவே சொல்லுங்கள்.

சின்ன அண்ணன்: முதலில் இடத்தைப் பிடி. சாமான்களைப் பிறகு பார்க்கலாம்.

பெரியண்ணன்: தம்பி சொல்வது சரி. எதை வாங்குவதற்கு முன்பும் தங்கும் இடத்தின் உயரத்தைப் பார். மேதர் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. எல்லோஸ்டோன் ஏரிக்கரை 7,700 அடிக்கும் மேல். பகலில் அரைக்கைச் சட்டையோடு நடந்த இடத்தில், விடியற்காலை கூடாரத் துணியின்மேல் உறைபனி உப்புப் படிந்ததுபோல் வெள்ளையாக இருந்தது. உள்ளே நுழைந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக்கின்மேல், எவ்வளவு குளிருக்கு ஆகும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த எண்ணை நம்பித்தான் ஏமாந்தோம். பல பைகளில் அது தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லையே தவிர, நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர் அல்ல. அந்த அளவு ‘கம்ஃபர்ட்’ என்று தனியாகச் சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் பார்த்து வாங்கு. காற்றடைக்கும் சாதாரண மெத்தையையும் வாங்காதே. உள்ளே வெறும் காற்றுதான் என்பதால், அது இரவு முழுவதும் தரையோடு சேர்ந்து குளிர்ந்து முதுகை வாட்டிவிட்டது.

அத்தை: களத்தில் நெல்லுக்குக் காவல் படுக்கும்போது உங்கள் தாத்தா வைக்கோலைப் பரப்பி அதன்மேல்தான் பாயை விரிப்பார். மார்கழிக் குளிர் தரையிலிருந்துதான் ஏறும், தம்பி.

பெரியண்ணன்: அதேதான், அத்தை. அந்த வைக்கோலின் வேலையைத்தான் இங்கே ‘ஆர் மதிப்பு’ என்று எண்ணாகப் போடுகிறார்கள். பாப்பா, அந்த எண் 4க்குக் குறையாத மெத்தையாகப் பார்.

அம்மா: கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கும்? உங்கள் அப்பா இரவில் மூன்று முறை எழுந்திருப்பார்.

அப்பா: இரண்டு முறைதான்.

பெரியண்ணன்: முன்பதிவு வரைபடத்தில் கழிப்பறைக்கு நான்கைந்து இடம் தள்ளி எடுக்க வேண்டும், அம்மா. ஒட்டியே எடுத்தால் விளக்கு வெளிச்சமும் கதவுச் சத்தமும் விடிய விடியத் தூங்கவிடாது. மேதரில் காசு போட்டுக் குளிக்கவும் துணி துவைக்கவும் வசதி உண்டு. மோவாப் பக்கம் ஆர்ச்சஸ் பூங்காவுக்குள் இருக்கும் டெவில்ஸ் கார்டன் கேம்ப்கிரவுண்டில் தண்ணீர் உண்டே தவிரக் குளியலறை கிடையாது. குளிக்க ஊருக்குத்தான் வர வேண்டும். எல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் பக்கம் கிரிஸ்லி கரடி நடமாட்டம் இருப்பதால் அங்கே துணிக் கூடாரத்துக்கே அனுமதியில்லை, பெயரைப் பார்த்து மயங்கிவிடாதே.

சின்ன அண்ணன்: கூடாரம் வாங்க வேண்டாம். அண்ணனுடைய பழையது என்னிடம் இருக்கிறது.

பெரியண்ணன்: அதை நீ ஈரத்தோடு மடித்து வைத்ததில் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்திருந்தது. மழை வந்தால் அது தாங்காது. புதிய கூடாரமே மோவாபில் எங்களைக் கைவிட்டது என்றால், அதற்குக் காரணம் நான் அடியில் விரித்த தார்ப்பாய். அது கூடாரத்தின் தரையைவிட ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், மேல்துணியில் வழிந்த மழையெல்லாம் அதில் விழுந்து அடியில் புகுந்துவிட்டது. பையனின் தலையணை ஊறிய பிறகுதான் விழித்தோம். விளிம்பை உள்ளே மடித்துவிட வேண்டும்.

சின்ன அண்ணன்: அன்று ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் மடித்தேன். இரண்டு வருடமாக இதையே சொல்கிறீர்கள், அண்ணா.

அத்தை: அதை விடுங்கள். சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

பெரியண்ணன்: அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அத்தை. ஒரு மணி நேரம் வைத்தும் துவரம்பருப்பு கையில் நசுங்கவில்லை, எரிவாயுதான் வீணானது. ஆகவே மூன்று லிட்டர் குக்கர் கட்டாயம் வேண்டும். எல்லோஸ்டோனில் அரிசி, ஊறுகாய், கழுவிய பாத்திரம், பற்பசை வரை எல்லாமே காருக்குள் அல்லது கரடியால் திறக்க முடியாத கரடிப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு முறுக்குகூடக் கூடாது.

அம்மா: கரடி வரும் இடத்தில் நான் துணிக்குள் படுக்க மாட்டேன். அறை எடுங்கள்.

அப்பா: நான் கூடாரத்தில்தான் படுப்பேன்.

பெரியண்ணன்: அறையோ கூடாரமோ, ஓரிடத்தில் மூன்று இரவாவது தங்குங்கள். தினமும் பிரித்துக் கட்டியதில் எங்களுக்கு அரை நாள் அப்படியே போனது, குழந்தைகள் களைத்துவிட்டார்கள். அப்பா அம்மாவை அந்தப் பாடு படுத்தக் கூடாது.

டாலஸ் அக்கா: சரி, அண்ணா. மேதரில் நாளை மூன்று இரவு பதிவு செய்கிறேன். எல்லோஸ்டோனை அம்மாவும் அப்பாவும் பேசி முடித்த பிறகு பார்க்கிறேன்.

சின்ன அண்ணன்: பழைய கூடாரத்தை நாளை தோட்டத்தில் விரித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துப் படம் அனுப்புகிறேன்.

அத்தை: குக்கருக்கு இன்னொரு கேஸ்கெட்டும் எடுத்து வை, பாப்பா.