டிஜிட்டல் ஸ்கேனரா, யுஎஸ்பி ரிசீவரா? வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். வானலைகளில் நடக்கும் பேச்சைத் தேடிப் பிடிக்கும் ரேடியோ ஸ்கேனர், பழைய அனலாக் வகை ஒன்றை வைத்து ஆறு மாதமாகக் கேட்டு வருகிறேன். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விமானப் பேச்சு என்றால் எனக்கு உயிர். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் தேய்ந்து வந்தாலும் விமானியின் பதில் கணீரென்று கேட்கும். அவர் உயரத்தில் இருப்பதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது.

சில அலைவரிசைகளில் மட்டும் பேச்சே இல்லை, வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓர் ஓசை. டிஎம்ஆர் அல்லது பி25 வகை டிஜிட்டல் ஒலிபரப்பாக இருக்கும் என்கிறார்கள். அதனால் டிஜிட்டல் பேச்சையும் கேட்க உதவும் கருவி ஒன்றைப் புதிதாக வாங்க நினைக்கிறேன். மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த பேச்சை எந்த ஸ்கேனரும் திறக்காது, சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். இவை தெரிந்தே கேட்கிறேன்.

தனி ஸ்கேனர் வாங்குவதா, கணினியில் செருகும் யுஎஸ்பி ரிசீவரா? விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பல ரேடியோ கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்பும் இடங்களில் விலை உயர்ந்த ஸ்கேனரே தடுமாறுமாமே, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஆன்டெனாக் கம்பியை 60 சென்டிமீட்டருக்கு நீட்டி (125 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம்) ஜன்னலோரம் வைத்ததும் நல்ல முன்னேற்றம். ஆனால் மேசையில் எல்இடி விளக்கைப் போட்டதுமே இரைச்சல் கிளம்புகிறது. இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் குமிழைத் திருகினால் மெல்லிய குரல்களும் சேர்ந்தே அமுங்கிவிடுகின்றன. விளக்கின் வயரில் ஃபெரைட் வளையம் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டினால் தீருமா, ஆன்டெனாவை வெளியே கொண்டுபோய்த்தான் ஆக வேண்டுமா?