புதுப்பிப்பு: எடிட்டிங் கம்ப்யூட்டர் வாங்கியாச்சு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாண, திருவிழா வீடியோ எடிட் செய்ய 3,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) எந்த டெஸ்க்டாப் நல்லது என்று கேட்டிருந்தேனே, ஈப்போவில் பாகம் பாகமாகப் பொறுக்கிச் சேர்த்துவிட்டேன்.

பிராசசர் இன்டெல் கோர் ஐ5-12400. விலை குறைவு என்று கடைக்காரத் தம்பி 12400எஃப்பை நீட்டினார், வேண்டாம் என்றேன். எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, அதோடு இருக்கும் குவிக் சிங்க்கும் (வீடியோவை வேகமாகப் பிரித்துக் காட்டும் இன்டெல் வசதி) சேர்ந்து போய்விடும். என் கேமரா பதியும் எச்.265, 10-பிட் 4:2:2 கோப்புகளை (நிற விவரம் அதிகமுள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோ) திக்காமல் ஓட்டுவது குவிக் சிங்க்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுக்கே இந்த 4:2:2-வைப் பிரிக்க வராது!

ரேம் 16 ஜிபி இரண்டு. கலர் வேலை மட்டும் மந்தம்தான். அதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், போனஸ் வரட்டும். யுபிஎஸ் வாங்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. இடி இடித்தால் இங்கே கரண்டு போய்விடும்.